இரண்டாம் புகை

கூடத்துக் கொக்கியில் பதினோரு மாதமாக யாரும் தொடாமல் தொங்கிய முகவலையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூச்சி எழுந்து பறந்தது. பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்த மூத்தவள் அதைப் பார்த்து அப்படியே நின்றாள். விரல் நகத்தளவுகூட இராது அந்தப் பூச்சி. சுவரில் உட்கார்ந்து இறக்கையை உடம்போடு மடக்கிக்கொண்டதும் காரைப் பொருக்கு எது, பூச்சி எது என்று தெரியவில்லை. வேறொருத்தியாக இருந்தால் விளக்குமாற்றைத் தேடியிருப்பாள். இவள் தேனீ வளர்ப்பவள், அது என்ன பூச்சி என்று பார்த்ததுமே தெரிந்தது.

மெழுகுப் பூச்சி. தேனீ குடியிருக்கும் பெட்டியில் அதன் ஜம்பம் பலிக்காது, ஈக்களே இழுத்து வெளியே போட்டுவிடும். பூக்காலம் முடிந்து, தேனெடுத்த காலி அடைகளைக் கிடங்கில் அடுக்கி வைத்தபிறகு காவலுக்கு ஆள் கிடையாது. இருட்டும் புழுக்கமும் இருந்தால் போதும், முட்டையிடும். புழு மெழுகைத் தின்றபடி குடைந்து, போன வழியெல்லாம் நூல் நூற்று, ஒரே மாதத்தில் ஒரு பெட்டி அடையை ஒரு கைப்பிடித் தூளாக்கிவிடும். வீட்டுக்குள்ளேயே ஒன்று பறக்கிறது என்றால் கிடங்கில் எத்தனை இருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. எட்டு நாளில் தோப்பு பூக்கும். கூடுகள் ஈயால் பிதுங்கி நிற்கின்றன. மேலே வைக்கக் காலி அடை இல்லாவிட்டால் ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும்.

பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் முகவலையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். இல்லாவிட்டால் தொட்டிருக்க மாட்டாள். ஈ கொட்டாமலிருக்க முகத்தை மூடும் அந்த வலை அவள் கணவனுடையது. அவன் வீட்டைவிட்டுப் போவதற்கு முந்தின நாள் மாலை, பழைய தொப்பியில் புதுவலை வைத்து அவளே தைத்துக் கொடுத்தது. ஒருநாள்கூடப் போட்டுக்கொள்ளாமல் போனான். அதைத் தூக்கி எறிய மனம் வராமல், எடுத்து வைக்கவும் ரோஷம் இடம் கொடுக்காமல், கொக்கியிலேயே தொங்கவிட்டு, போகும்போதும் வரும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே பதினோரு மாதத்தைத் தள்ளியிருந்தாள்.

பின்புற வலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்பு டேப்புத் துண்டு ஒட்டியிருந்தது. பிய்க்கப் பார்த்தாள். நூலும் சேர்ந்து வந்ததால் விட்டுவிட்டு, வலையைப் பின்வாசல் திண்ணையில் வைத்தாள்.

தங்கை காலையிலேயே, புது அடை கட்டச் சட்டத்தில் பதிக்கும் மெழுகுத் தாள் வாங்க, டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள். சாயங்காலம்தான் வருவாள். போகும்போது வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"கிடங்குப் பக்கம் போகாதக்கா. அந்த நெடி உனக்கு ஆகாது. நான் வந்து பாத்துக்கறேன்."

அவளுக்கு அக்காவைவிடப் பத்து வயது குறைவு. அம்மா போனபிறகு அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் கணவன் அவளை ஒட்டுப்புல் என்று கேலி செய்வான். "உன் அக்கா துணியை உதறினாக்கூட நீ விழமாட்டே போலிருக்கே" என்பான். அவளும் சிரிப்பாள். அவன் போனபிறகு அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது ராத்திரியெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள்தான். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தலை பின்னிவிட்டாள். கிடங்கு வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இப்படி ஒரு தங்கை யாருக்கு வாய்க்கும் என்று மூத்தவள் பலமுறை நினைத்திருக்கிறாள்.

தங்கை வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் பூச்சி காத்திருக்காது. அவள் டார்ச்சையும் பெட்டி நெம்பும் தகட்டையும் எடுத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் தன் முகவலையையும் எடுத்துக்கொண்டு பின்வாசலால் இறங்கினாள்.

கிடங்கு வீட்டுக்குப் பின்னால் அறுபது அடி தூரத்தில், வேலியை ஒட்டி இருந்தது. வெயிலில் கண் கூசியது. ஜன்னல் இல்லாத கட்டடம் அது. பின்சுவரில் இருந்த ஒரே காற்றுத் துவாரத்தையும் பலகை வைத்து அறைந்திருந்தார்கள், கந்தகப் புகை வெளியேறக் கூடாது என்பதற்காக. கதவு நான்கு விரல் கனம், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். கதவின் அடியில் ஒரு சட்டி நுழையும் அளவுக்குத் தகர மூடி. கந்தகத்தைப் பற்றவைத்து, சட்டியை அந்த வழியாக உள்ளே தள்ளி, மூடியைச் சாத்தி, கதவைச் சுற்றி டேப்பு ஒட்டிவிடுவார்கள். மூன்று நாள் கழித்துத் திறப்பார்கள். முதல் புகையில் புழுவும் பூச்சியும் சாகும், முட்டை சாகாது. அதனால் பதினைந்து நாள் கழித்து, முட்டை பொரிந்தபிறகு, இரண்டாம் புகை. அதோடு தீர்ந்தது.

உள்ளே ஆள் இருந்து கூப்பிட்டால் அந்தக் கதவைத் தாண்டிக் கேட்காது. அதற்காகத்தான் ஆணி. கதவு நிலையில் ஒரு நீள ஆணி அடித்திருந்தது. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் தன் முகவலையை அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆணியில் வலை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. ஆணி காலியாக இருந்தால்தான் சட்டியைத் தள்ளலாம். முகவலை மாட்டுவதற்குத்தான், போடுவதற்கு இல்லை என்று கணவன் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவள் தன் வலையை ஆணியில் மாட்டினாள். டேப்புச் சுருளும் அதே ஆணியில்தான் தொங்கும். வலை சரியாக உட்காராததால் கழற்றி மறுபடி மாட்டப் போனாள். சுருளின் தளர்ந்த முனை வலையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, இழுத்ததும் கிழிந்து, ஒரு துண்டு வலையோடு வந்தது.

கட்டைவிரல் அளவுக்குப் பழுப்புத் துண்டு. அதே இடத்தில்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 

அவன் அந்த வலையை ஒருநாளும் போடவில்லை. முந்தின நாள் மாலை தைத்தது, மறுநாள் காலை அவன் போய்விட்டான், வலை கூடத்துக் கொக்கியிலேயே இருந்தது. எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வலை கொக்கியைவிட்டு இறங்கவே இல்லை என்றால் இந்த ஆணியில் தொங்கும் டேப்பு அதில் எப்படி ஒட்டும்?

அந்த நாளை அவள் மறக்க முயன்றும் மறந்ததில்லை. அதற்கு முந்தின இரவு படுக்கையில் கணவன் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தான். மலைப்பக்கம் பூ அதிகம், பாதிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் போய்விடலாம், மீதியைத் தங்கச்சிக்கே விட்டுவிடலாம், அவளும் எத்தனை நாள் உன்னையே பிடித்துக்கொண்டு இருப்பாள் என்றான். மாதக்கணக்காக மாட்டேன் என்றவள் அன்று என்னவோ, "சரி, போலாம்" என்றாள். அவன் இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

மறுநாள் அவள் தோப்பிலிருந்த கூடுகளைப் பார்த்துவிட்டு வந்தபோது தங்கை கிடங்கு வாசலில் சட்டியும் தணலுமாக இருந்தாள். மாமா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார், நாம் முடித்துவிடலாம் என்றாள். மூத்தவள் ஆணியைப் பார்த்தாள்.

"காலியாத்தான் இருக்கு. தள்ளுக்கா."

சட்டியைத் தள்ளியது மூத்தவள். மூடியைச் சாத்தியது மூத்தவள். கதவைச் சுற்றி டேப்பு ஒட்டி, விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்ததும் அவளேதான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஏதோ தொம்மென்று விழுந்தது. பிறகு மறுபடி. பிறகு நாலைந்து தரம். அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். தங்கை அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"பெட்டி சரியுதுக்கா. திறந்தா புகை போயிடும். வா, சாப்பிடலாம்."

சாப்பிட்டார்கள்.

மதியம் அவன் வரவில்லை. பையைக் காணோம், செருப்பைக் காணோம், அவளுடைய நீலச் சால்வையையும் காணோம். அந்தச் சால்வையை எவளுக்குக் கொண்டுபோனானோ என்றுதான் அவள் அதிகம் புழுங்கினாள். என்னைச் சரி என்று சொல்லவைத்துவிட்டு, விடிந்ததும் தனியாக ஓடிப்போனானே என்று வயிறெரிந்து திட்டினாள். நாசமாய்ப் போகட்டும் என்றுகூட ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அவள் படுக்கையில் கிடந்த மூன்றாம் நாள் தங்கைதான் தனியாகக் கிடங்கைத் திறந்தாள். அந்த வருஷம் இரண்டு புகையோடு நிற்கவில்லை. ஐந்து தரம் போட்டாள். எலி செத்த நாற்றம் போகவில்லை என்றாள்.

மூத்தவள் தாழ்ப்பாளைத் திறந்தாள். இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு எப்போதாவது ஒட்டியிருக்கும். தங்கை ஏதாவது வேலையாக எடுத்துப் போய் வந்திருப்பாள். அப்படி ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று மனசு கெஞ்சியது. ஆனாலும் உள்ளே பார்க்காமல் திரும்பிப்போய், சாயங்காலம் அவள் கையால் தலை பின்னிக்கொள்ள முடியாது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை உருட்டிவைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

பழைய மெழுகின் இனிப்பு வாடையும், அதற்கு மேல் தொண்டையைப் பிறாண்டும் கந்தக நெடியும், எல்லாவற்றுக்கும் அடியில் ஈரச் சாக்கு போல ஒரு மக்கல் வாடையும் அடித்தன. முன்வரிசைப் பெட்டிகளைத் தங்கை ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள். வெளிச்சமும் காற்றும் புகுந்து போவதற்காக ஒன்றை நேராகவும் அடுத்ததைக் குறுக்காகவும் அடுக்கி, எல்லாவற்றிலும் சுண்ணக்கட்டியால் தேதி எழுதியிருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அடைகள் பொன்னிறமாகத் தெரிந்தன, ஒரு பொத்தல்கூட இல்லை. இரண்டாம் வரிசையும் அப்படித்தான். நடுவில் வந்த சின்னப் பூக்காலத்தில் கூடுகள் குறைவாக இருந்ததால் இந்த இரண்டு வரிசையே போதுமானதாக இருந்தது. பின்வரிசையை யாரும் கேட்கவில்லை.

பின்வரிசை வேறுமாதிரி இருந்தது. ஏழு அடுக்குகள் உத்தரம்வரை நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல் நின்றன. குறுக்கு அடுக்கு இல்லை. ஒவ்வொரு அடுக்கையும் டேப்பால் சுற்றியிருந்தது. காற்றுப் புகாமல், புகையும் புகாமல். மெழுகுப் பூச்சிக்கு விருந்து வைப்பது போல. இந்தத் தவறை நேற்று வேலைக்கு வந்தவன்கூடச் செய்ய மாட்டான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டது. காய்ந்த சருகை யாரோ இரண்டு விரலால் நிதானமாக நெருடுவது போல, விடாமல், வரிசை முழுவதிலிருந்தும் வந்தது. புழு மெல்லும் சத்தம் அது. அவள் கேட்டிருக்கிறாள். இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை.

ஓரத்து அடுக்கின் மேல்பெட்டியை நெம்பி இறக்கினாள். அடைச் சட்டங்கள் ஒன்றோடொன்று வெள்ளை நூலால் ஒட்டிக்கிடந்தன. வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நூலுக்குள் பின்வாங்கின. இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூச்சு இரைக்க ஆரம்பித்தது. மூன்றாவது பெட்டியில் சட்டங்கள் இல்லை.

ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

பக்கத்தில் பை. நூல் மூடிய பை. ஜிப்பை இழுத்தபோது பல் பல்லாகக் கழன்று வந்தது. அவனுடைய இரண்டு சட்டைகள். அவற்றின் கீழே அவளுடைய உடுப்புகள், அவள் மடிக்கும் விதமாகவே மடிக்கப் பார்த்து, பாதியில் தோற்றுப்போய்ச் சுருட்டி வைத்தவை. எல்லாவற்றுக்கும் மேல் நீலச் சால்வை, புழு அரித்து வலையாகிக் கிடந்தது.

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மூட்டை கட்டியிருக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை.  பதினோரு மாதம் இவனையா திட்டினேன் என்று மட்டும் தோன்றியது.

பெட்டிகள் இறங்கிய இடத்தில் ஒரு சந்து திறந்திருந்தது. டார்ச்சை உள்ளே நீட்டினாள். வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு அடித்த பின்சுவர் என்று நினைத்தாள்.

சுவருக்குக் காது இருந்தது.

 நூல். மேலிருந்து கீழ்வரை நூல். அதற்குள் தோள். சாய்ந்த தலை. மடங்கிய முழங்கால். கந்தகத்தில் உலர்ந்து சுருங்கிய, அவள் தெரிந்துவைத்திருந்த உயரம். வலதுகை மட்டும் தூக்கியபடி விறைத்திருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. கதவைத் தட்டுகிறவனின் கை.

முதுகுப்பக்கம் வெளிச்சம் குறைந்தது.

கல் உருளும் சத்தம். அவள் திரும்பி ஓடினாள். பெட்டியில் முழங்கால் இடித்தது. டார்ச் விழுந்து அணைந்தது. கதவைத் தொட்டபோது அது சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

அடியில் தகர மூடி திறந்தது. ஒரு சாண் வெளிச்சம். தங்கையின் கால்கள். டவுனுக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பு, தெருப் புழுதியோடு.

"பஸ் வரலக்கா. திரும்பிட்டேன்."

மூத்தவள் தரையில் குப்புறப் படுத்து முகத்தை அந்தத் திறப்பில் வைத்தாள்.

"கதவத் திற."

"மாமாவோட வலை கூடத்துல இல்ல. பாத்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"திறடி. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

தங்கை குந்தி உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை, முழங்காலைக் கட்டிய கைகள் மட்டும் தெரிந்தன. நடக்கக் கற்றுக்கொடுத்த காலத்தில் அந்தக் கைகளின் விரலைப் பிடித்தவள் இவள்.

"சொல்லமாட்டே. தெரியும். ஆனா போயிடுவே." குரல் சாதாரணமாக இருந்தது, ராத்திரி முதுகைத் தடவும்போது பேசும் குரல். "அன்னிக்கு நீ சரின்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா. சுவர் ஒண்ணுதானே நடுவுல. ஒரு வார்த்தை என்னைக் கேக்கலியே நீ."

"பாப்பா. எனக்கு மூச்சு வாங்குது."

"தெரியும். சீக்கிரமா முடிஞ்சிடும்."

கைகள் போய்விட்டன. உலோகம் உரசியது. தணல் கொட்டும் சத்தம். மூத்தவள் திறப்பு வழியாகக் கையை நீட்டினாள். அதை யாரோ மெல்லப் பிடித்து, ஒருகணம் அழுத்தி, உள்ளே தள்ளினார்கள். பிறகு சட்டி வந்தது. தகரம் மூடிக்கொண்டது.

சர்ர்ர்ரென்று டேப்பு இழுபட்டது. கதவின் இடப்பக்க வெளிச்சக் கோடு மேலிருந்து கீழாக அணைந்தது. சர்ர்ர். மேல்கோடு. வலப்பக்கம் ஆணி அடித்த நிலைக்கருகே மட்டும் நூலிழை வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவள் கண்ணை அங்கே வைத்தாள். வெயிலில் தன் முகவலை ஆணியில் ஆடுவதைப் பார்த்தாள். ஒரு கை வந்தது. வலையை எடுத்தது. அதில் ஒட்டியிருந்த பழுப்புத் துண்டைக் கவனமாகப் பிய்த்தது. வலையை எடுத்துக்கொண்டு போனது.

ஆணி காலி.

அந்தக் கோடும் அணைந்தது.

அவள் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். தொம். தொம். நாலைந்து தரம். வெளியே அது எப்படிக் கேட்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். உள்ளங்கைக்குக் கீழே பலகை வழவழப்பாக இல்லை. முழங்கால் உயரத்தில், குழி குழியாக, விரல் விரலாகப் பிறாண்டியிருந்தது. அவள் விரல்கள் அந்தக் குழிகளில் சரியாகப் பொருந்தின.

சட்டியில் கந்தகம் பற்றிக்கொண்டது. நீலமாக எரிந்தது. அறை முழுவதும் நீலம். தொண்டை அடைத்தது. அவள் முதுகைக் கதவில் சாய்த்துச் சரிந்தாள். எதிரே, பெட்டிகள் இறங்கிய சந்து.

புகை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. புழுக்களுக்குப் புகை தெரியும். நூலுக்குள் எல்லாமே ஒரே நேரத்தில் நகர ஆரம்பித்தன. வெள்ளைப் போர்வை பொங்கித் தாழ்ந்தது, மார்பு இருந்த இடத்தில், மூச்சு விடுவதைப் போல. முகம் இருந்த இடத்தில் நூல் பிரிந்தது. வாய் திறந்தது. அதிலிருந்து சாம்பல் நிறப் பூச்சிகள் வந்தன, ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ணவே முடியாமல், புகைக்குத் தப்பி ஒளிய இடம் தேடி, கதவடியில் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நோக்கி.

தட்டும் கை மட்டும் அசையாமல் தூக்கியபடியே இருந்தது.